நான்கு சிவப்பு விளக்குகளும் இரண்டு உருளை வலையும்: கோத்தகிரித் தோட்டத்தில் நரியைத் தடுத்த கதை

2023 நவம்பரில் ஒரே வாரத்தில் ஏழு கோழிகளை நரி கொண்டுபோயிற்று. ஏழும் நான் அடைவைத்துப் பொரித்து வளர்த்த நாட்டுக்கோழிகள். அதில் கறுப்புப் பெட்டை ஒன்று என் பேத்தியின் உள்ளங்கையிலிருந்து கம்பு தின்னும். அவள் பள்ளியிலிருந்து வரும் நேரம் தெரிந்து வாசற்படியில் வந்து நிற்கும். அதன் இறகுகள் பீட்ரூட் பாத்தியிலிருந்து ஓடைக்கரைவரை சிதறிக் கிடந்தன. குழந்தை எழுவதற்குள் அத்தனையையும் பொறுக்கி எடுத்துவிட்டேன்.

அதன் பிறகு நரியைத் தடுக்க இரண்டு பொருள்களை வாங்கினேன். ஒன்று, இணையத்தில் தருவித்த சூரிய ஒளி விளக்குகள். மற்றொன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வந்த வெல்டுமெஷ் கம்பிவலை. இரண்டையும் உறைபனியிலும் மழையிலும் ஓராண்டுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். மலையில் கோழியும் காய்கறியும் வைத்திருப்பவர்கள் நான் செய்த செலவை அதே வரிசையில் செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வீடு கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றி 12 சென்ட். கேரட், பீட்ரூட், அவரை, ஒரு மேரக்காய்ப் பந்தல், இரண்டு பேரி மரம், பின்பக்கம் கோழிப்பட்டி. தோட்டம் முடியும் இடத்தில் ஓடை. ஓடைக்கு அப்பால் சீகை மரங்களும் உண்ணிச்செடிப் புதரும் அடர்ந்து கிடக்கின்றன. நரியின் குடியிருப்பு அந்தப் புதர்தான். அந்தி சாய்ந்ததும் அங்கிருந்து ஊளை கேட்கும். ஒன்று தொடங்கினால் எதிர்ச் சரிவிலிருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் செந்நிற உடலும் அடர்ந்த வாலும் வெள்ளை வால்நுனியும் கொண்ட நரியின் படம் இருந்தது. அது இந்தியாவில் இமயமலைப் பக்கமும் வடமேற்கு வறண்ட நிலங்களிலும் வாழ்கிற செந்நரி. நீலகிரியில் நாம் நரி என்றும் குள்ளநரி என்றும் சொல்வது அதைவிடப் பெரியது, நாய்க்கும் ஓநாய்க்கும் நெருங்கிய உறவு, எட்டு முதல் பத்து கிலோ எடை இருக்கும். சமவெளிக் கரட்டு நிலங்களில் வளை தோண்டி வாழும் சிறிய குழிநரி வேறு. ஆனால் தோட்டத்துக்குள் நுழைகிற விதத்தில் மூன்றும் ஒன்றுதான்: வேலியின் அடியில் தோண்டும், தளர்ந்த வலையைப் பல்லால் இழுக்கும், கதவின் கீழே இடைவெளி இருந்தால் உடலைத் தட்டையாக்கிக்கொண்டு நுழையும். அதனால் அந்த விளக்கு இங்கே பயன்படாது என்று படத்தை மட்டும் பார்த்து நான் முடிவு கட்டவில்லை.

வருவது நரிதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் பக்கம் காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, கரடி, காட்டெருமை எல்லாமே தோட்டத்துக்குள் வருகின்றன. பன்றி புகுந்தால் பாத்தி ஏர் ஓட்டியதுபோல் புரண்டு கிடக்கும். முள்ளம்பன்றி கிழங்கைக் கடித்து வைத்துவிட்டு ஓரிரு முள்ளையும் விட்டுப் போகும். கீரி புகுந்தால் கழுத்தில் கடிபட்ட கோழி பெரும்பாலும் பட்டிக்குள்ளேயே செத்துக் கிடக்கும். நரி கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும். இறகு மட்டும் வழி காட்டும். பாதையில் உயரமான ஒரு கல்லின் மேல் எச்சம் இருக்கும், அதில் எலி மயிரும் பழ விதைகளும் தெரியும். எங்கள் வீட்டுப் படிக்கல்லில் இருந்த எச்சத்தைக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் எலி மயிர்தான்.

முதலில் விளக்கைச் சொல்கிறேன். நான்கு கொண்ட பெட்டி, விலை 2,160 ரூபாய். கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி. தலையில் சின்னச் சூரியத் தகடு, முன்பக்கம் பொட்டுப் போல இரண்டு சிவப்பு விளக்குகள். இருட்டியதும் தானாகவே மின்னத் தொடங்கும். இரவில் அந்த மின்னலைக் காணும் விலங்கு, வேறொரு விலங்கு தன்னை உற்றுப் பார்க்கிறது என்று எண்ணி விலகிவிடும் என்பது இதன் கருத்து. நரியின் கண் உயரத்துக்கு, தரையிலிருந்து ஒன்றரை அடியில், நான்கு திசைக்கும் ஒவ்வொன்றாகக் கம்பு நட்டுக் கட்டினேன்.

2024 ஜனவரி. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்த மாதம். காலையில் கேரட் தழையின் மேல் உறைபனி உப்பாய்ப் பூத்திருக்கும், பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில் அடிக்கும். தகடு வயிறு நிறையக் குடித்தது. விளக்குகள் விடியும்வரை மின்னின. முதல் மூன்று வாரம் தோட்டத்து மண்ணில் ஒரு தடம்கூட இல்லை. எனக்கிருந்த மகிழ்ச்சியில் மேலும் நான்கு வாங்கி மகளுக்கு அனுப்ப நினைத்தேன்.

நான்காம் வாரம் இரண்டு விளக்குகளுக்கு நடுவே, ஈர மண்ணில், நகம் பதிந்த நான்கு தடங்கள் இருந்தன. ஐந்தாம் வாரம் ஒரு விளக்குக் கம்பின் அடியிலேயே எச்சம். ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரி மின்னுகிற பொருள் தன்னை ஒன்றும் செய்யவில்லை என்பதை நரி கற்றுக்கொண்டுவிட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றி நட்டேன், மறுபடியும் சில வாரம் பயன் தெரிந்தது. மாற்ற மறந்த வாரத்தில் நரி வந்தது.

என் அப்பாவின் நினைவு வந்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து இங்கே திரும்பிய குடும்பம் எங்களுடையது. அப்பா கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார். தினமும் வேறு ஒரு கொம்பில் மாட்டுவார். ஒருநாள் தாழ்வாக, ஒருநாள் மரத்தின் மேலே. ஏன் இப்படி மாற்றுகிறீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஐந்து வாரம் முன்னதாகவே எனக்குத் தெரிந்திருக்கும்.

மழைதான் விளக்கின் உண்மையான தேர்வு. கூடலூர், அவலாஞ்சிப் பக்கமெல்லாம் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்கும். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அந்த அக்டோபரிலும் நவம்பரிலும் நாள் முழுக்க மேகம் தோட்டத்துக்குள்ளேயே நடமாடியது. தகடு சார்ஜ் ஏறாமல், இரவு ஒன்பது மணிக்கே விளக்குகள் அணைந்தன. ஒன்றின் உள்ளே தண்ணீர் புகுந்து, கண்ணாடியில் முத்து முத்தாக நின்றது. மழைக்குத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். உத்தரவாத காலம் ஆறு மாதம், முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. சமவெளி மழையை நினைத்து எழுதிய உறுதிமொழியை மலை வாசிகளுக்கும் அப்படியே விற்பது நியாயமில்லை. நரி அதிகம் வருகிற, இரவு நீண்டிருக்கிற மாதங்களில் அணைந்துபோகும் விளக்குக்கு நான் ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் தருவேன்.

இடையில் ஒரு பிழையை நானே செய்துகொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் வலைக்குப் போக முடியாது. பீட்ரூட் பாத்தியை மட்டும் நரி ஏன் திரும்பத் திரும்பத் தோண்டுகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பீட்ரூட்டைத் தின்னவில்லை; வேரோடு புரட்டிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. ஒருநாள் குனிந்து மண்ணை முகர்ந்தபோதுதான் புரிந்தது. அந்தப் பாத்திக்கு மீன் அமிலக் கரைசல் ஊற்றியிருந்தேன். மீன் கழிவும் நாட்டு வெல்லமும் சம அளவு போட்டு ஊறவைத்து, தண்ணீரில் கலந்து விடுகிற அதே கரைசல். சரியாக நொதித்ததென்றால் பழ வாசனை வரும் என்பார்கள். நம் மூக்குக்கு அப்படி, நரியின் மூக்குக்கு அது மீன்தான். அடியில் மீன் புதைந்திருக்கிறது என்று தேடியிருக்கிறது. எலும்புத்தூள் போட்ட குழியையும் அப்படித்தான் கிளறும். அன்றிலிருந்து மீன் கரைசலை இலையில் மட்டும், நன்றாக நீர்த்து, காலையில் தெளிக்கிறேன். மண்ணுக்குத் தொழுவுரமும் மண்புழு உரமும். பேரிப் பழம் உதிர்ந்தால் சாயங்காலத்துக்குள் பொறுக்கிவிடுகிறேன், ஏனென்றால் நரி பழமும் விரும்பித் தின்னும். ஒரு ரூபாய் செலவில்லாமல் பாத்தி தோண்டுவது அத்தோடு நின்றது. தலைமுடி, மிளகாய்த்தூள், பினாயில் எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன்; ஒரு மழைக்கு மேல் எதுவும் நிற்கவில்லை.

ஆனால் கோழிக்கு இந்த உபாயம் போதாது. பழைய பட்டியைச் சுற்றி அறுகோணக் கண் கொண்ட கோழிவலை கட்டியிருந்தேன். அந்த வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். நரியை வெளியே வைத்திருக்காது. மெல்லிய கம்பியை முறுக்கி முறுக்கிச் செய்தது, ஒரு முறுக்கு விட்டால் பக்கத்துக் கண்ணும் பிரிந்துகொண்டே போகும். ஏழு கோழி போன வாரத்தில் அடியில் கையகலம் கிழிந்திருந்த இடத்தை இப்போதும் நான் விரலால் காட்ட முடியும்.

2024 ஏப்ரலில் வெல்டுமெஷ் வாங்கினேன். குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி ஓடி, சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் பற்றவைத்திருக்கும் வலை. ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலம் கண், 14 கேஜ் கம்பி. கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலியும் என்பதை வாங்கப் போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்: 14 கேஜ் என்றால் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.6, 20 கேஜ் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடையில் முதலில் காட்டியது 20 கேஜ்தான், விலை பாதிக்கும் கீழே. கையால் அழுத்தினேன், வளைந்தது. என் கைக்கே வளைகிறது நரியின் பல்லுக்கு நிற்காது என்று 14-ஐக் கேட்டு வாங்கினேன். 4 அடி அகலம், 50 அடி நீளம் உள்ள உருளை ஒன்று 4,000 ரூபாய், எடை 37 கிலோ. இரண்டு உருளை.

பட்டியின் அளவு 12 அடிக்கு 8 அடி. சுற்றளவு 40 அடி, சுவருக்கு நாலடி வலை அப்படியே நின்றது. கூரைக்கு 24 அடி போயிற்று. மீதியில் 20 அடியை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரண்டடி அகலப் பட்டையாக்கி, பட்டியைச் சுற்றிலும் வெளிப்புறமாகத் தரையில் விரித்தோம். நான் இவ்வளவு எழுதுவதே இந்தப் பட்டையைச் சொல்லத்தான்.

வேலி கட்ட வந்த பெரியவர் முதலில் இதற்கு ஒப்பவில்லை. “வலையை இரண்டடி மண்ணுக்குள் இறக்கிவிடலாம் டீச்சரம்மா, எத்தனையோ தோட்டத்தில் அப்படித்தான் கட்டியிருக்கிறேன்” என்றார்.

“எங்கள் மண் தேயிலை மண் அண்ணா, புளிப்பு மண். உள்ளே போன கம்பி எத்தனை மழை தாங்கும்? அது அரித்துப் போனால் வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. தரையில் விரித்தால் கண்ணுக்குத் தெரியும், தேவைப்பட்டால் மாற்றிவிடலாம்” என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, “நரி ஓரடி தள்ளி நின்று தோண்டினால்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. படித்ததை நம்பி, விரித்தே விடுங்கள் என்று சொன்னேன். அவர் மனம் வைத்துச் செய்தார். சுவர் வலையோடு தரைப்பட்டையைக் கட்டுக்கம்பியால் ஜாண் தூரத்துக்கு ஒரு முடிச்சாகப் பிணைத்தார். சரிவான நிலமாதலால் கீழ்ப்பக்கத்தில் முக்கோணமாக ஓர் இடைவெளி விழுந்தது. அதில் கல் அடுக்கி, இடுக்கில் சல்லி திணித்து, மேலே வலையை இழுத்துக் கட்டினார். பட்டையின் வெளிவிளிம்பை வளைந்த கம்பி ஆணிகளால் மண்ணோடு அறைந்தார். இரண்டு பேர், இரண்டு நாள், கூலி 3,600 ரூபாய். எட்டு ஆங்கிள் கம்பத்துக்கு 3,200. சிமெண்ட், கட்டுக்கம்பி, வண்டி வாடகை எல்லாம் 1,600. ஆக மொத்தம் 16,400 ரூபாய்.

பெரியவரின் கேள்விக்கு மே மாதத்தில் நரியே பதில் சொன்னது. இரவு பதினொரு மணி இருக்கும். கோழிகள் தாழ்ந்த குரலில் கொக்கரித்தன. விளக்கைப் போடாமல் சமையலறைச் சன்னலில் நின்றேன். நிலா வெளிச்சம். நரி பட்டியின் கிழக்கு மூலையில் இருந்தது. மூக்கைச் சுவரும் தரையும் சேரும் கோட்டில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தது. நின்றது. முன்கால் இரண்டையும் அந்தக் கோட்டிலேயே வைத்துத் தோண்டியது. கம்பியில் நகம் உரசும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நாலைந்து முறை இழுத்துப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி, காதை முன்னால் மடித்துக் கேட்டது. பிறகு நாலடி தள்ளிப் போய் மறுபடி அதே கோட்டில் கால் வைத்தது. மறுபடி கம்பி. தான் நிற்பதே வலையின் மேல்தான் என்பது அதற்கு எட்டவில்லை. பின்வாங்கி இரண்டடி தள்ளித் தோண்டலாம் என்று ஒருமுறையும் முயலவில்லை. சுவர் எங்கே மண்ணைத் தொடுகிறதோ அங்கேதான் அதன் எண்ணம் முழுக்க இருந்தது. மூன்று பக்கம் சுற்றிவிட்டு ஓடைப் பக்கம் இறங்கியது. கால்மணி நேரம் ஆகியிருக்கும். அந்தக் கால்மணி நேரத்துக்காகவே 16,400 ரூபாய் தகும் என்று நான் சொல்வேன்.

அதற்குப் பிறகு ஒரு கோழியும் போகவில்லை. விரித்த வலைக்குள் புல் முளைத்து மேலே வந்துவிட்டது. இப்போது பார்ப்பவர்களுக்கு அங்கே வலை இருப்பதே தெரியாது. புல்வேர் அதை மண்ணோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கதவைப் பற்றி ஒரு வார்த்தை. கதவின் கீழ் நாலு விரல் இடைவெளி விட்டிருந்தார்கள், மழையில் மரம் ஊறினால் திறக்க வசதியாக. நாலு விரல் கீரிக்குப் போதும், தோண்டினால் நரிக்கும் போதும். வாசலுக்குக் குறுக்கே தட்டையான கல் ஒன்றைப் பதித்து, இடைவெளியை ஒரு விரலாக்கினேன். கொக்கியையும் மாற்றி, தாழ்ப்பாள் போட்டேன்.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் மழைக்காலம் முடிந்ததும் வலையின் பல சந்திப்புகளில் துருப் புள்ளிகள் தெரிந்தன. துத்தநாகம் பூசிய கம்பியைப் பிறகு பற்றவைத்தால், பற்றவைக்கும் இடத்தில் பூச்சு கருகிவிடும். துரு அங்கேயே தொடங்கும். பற்றவைத்து முடித்த வலையை அப்படியே துத்தநாகத்தில் முக்கி எடுத்தால் சந்திப்புகளிலும் பூச்சு திரண்டு நிற்கும், நீண்ட காலம் உழைக்கும். நான் கேட்டது இரண்டாவது வகை. வந்தது முதல் வகை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தார். ஒன்றில்லை. வாங்கும்போது சந்திப்பை நகத்தால் தடவிப் பாருங்கள்: வெள்ளியாய் மொழுக்கென்று இருந்தால் நல்லது, கறுத்துச் சொரசொரவென்று இருந்தால் அந்த விலை கொடுக்காதீர்கள். இந்தக் குறைக்காக ஒரு மதிப்பெண் குறைத்து, வலைக்கு ஐந்துக்கு நான்கு தருகிறேன். கட்டிய பெரியவருக்கு ஐந்துக்கு ஐந்து.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, “எதற்கு அக்கா இவ்வளவு செலவு? நூறு ரூபாய்க்குச் சுருக்குக் கம்பி வைத்தால் முடிந்தது” என்றான். அவனிடம் கோபமாகவே பேசிவிட்டேன். நரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட விலங்கு. சுருக்கு வைப்பது குற்றம். அது ஒருபுறம் இருக்கட்டும், சுருக்குக்கு எது நரி எது நாய் என்று தெரியாது. சிறுத்தையின் இடுப்பில் இறுகும், மேய வந்த கன்றின் காலில் இறுகும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் இழுத்துவிடுவது அதைவிடக் கொடுமை. அதில் மனிதர்களும் செத்திருக்கிறார்கள். மின்வேலிக்குப் பதிவும் முறையும் வகுத்து 2023-இல் தமிழக அரசு விதிகளே கொண்டுவந்திருக்கிறது. படிக்கல்லில் கிடந்த அந்த எச்சத்தையும் அவனுக்கு நினைவூட்டினேன். அதிலிருந்த எலி மயிர் அத்தனையும் நம் கேரட்டைத் தின்ற எலிகளுடையது. நரி அங்கே ஓடைக்கு அப்பால் இருக்கட்டும், என் கோழி இங்கே இருக்கட்டும். நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்று அம்மா சொல்வாள். விடிகிற நேரத்தில் அது தேயிலைப் பாதையைக் கடந்து போவதைச் சன்னலில் பார்க்கும்போது பேத்தியை எழுப்பிக் காட்டுகிறேன்.

விளக்குகளைத் தூக்கி எறியவில்லை. மூன்று நன்றாக இருக்கின்றன. மூன்று வாரம் வேலை செய்யும் பொருளை மூன்று வார வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். குஞ்சு பொரித்த புதிதில் தாய்க்கோழி குஞ்சுகளோடு அதிகாலையிலேயே பாத்திப் பக்கம் மேய இறங்கிவிடும். அந்த நாள்களில் மட்டும் விளக்குகளை எடுத்து நட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை இடம் மாற்றுகிறேன். இப்போது சாம்பல் பெட்டை 11 முட்டையில் அடை உட்கார்ந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் 12 நாள். அதற்குள் துருப்பிடித்த சந்திப்புகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தரைப்பட்டைக்கு ஒரு பூச்சுத் தார் அடித்துக் காயவிட வேண்டும். ஐப்பசி மழை வந்துவிட்டால் தார் பிடிக்காது.